விடுமுறை நாளில் ஒரு பயிற்சி



பென்னலூரில் ஆசிரியையாகப் பணியாற்றும் நம் வாசகி ஒருவர் கடிதம் எழுதியுள்ளார். சனி, ஞாயிறு இரு நாட்களும் சுற்றுச்சூழல் கல்விப் பயிற்சிக்கு அழைப்பு வந்திருக்கிறதாம். "வாரமெல்லாம் பள்ளிக்கூடம், விடுமுறையிலும் வெளியிலா?" என்று மாமி கேட்கிறார்களாம். போகலாமா என்பது வினா.

மாமியின் கேள்வி நியாயமானதே. வீட்டுப் பொறுப்பைப் பகிர்ந்துகொள்ளக் கணவரிடம் பேசுங்கள்; பிறகு போய் வாருங்கள்.

பள்ளிகளில் சுற்றுச்சூழல் கற்பிக்கப்பட வேண்டுமென உச்ச நீதிமன்றம் 1991இல் உத்தரவிட்டது. 2001-02இல் தேசியப் பசுமைப் படை தொடங்கப்பட்டு, பல பள்ளிகளில் சூழல் மன்றங்கள் தோன்றின. ஆனால் பாடநூலை வாசித்து ஒப்புவிக்கச் செய்வதோடு பல இடங்களில் இப்பாடம் முடிந்துவிடுகிறது. உங்கள் வட்டாரத்திலோ தொழிற்சாலைகளுக்கு நடுவே ஏரிகள் இருக்கின்றன. ஸ்ரீபெரும்புதூர் ஏரியின் உபரி நீர் செம்பரம்பாக்கம் சேர்ந்து, சென்னை மக்களின் குடிநீராகிறது. மாணவரை ஏரிக்கரைக்கு அழைத்துச் சென்று எதைக் காட்டுவது, எதை அளக்கச் சொல்வது என்று பயிற்சியில் கேளுங்கள். சான்றிதழை மட்டும் வாங்கி வருவதற்கு இரண்டு நாள் வேண்டியதில்லை!

நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் ஒரு 'முத்து' அளவு நீரில் உளூச் செய்தார்கள் என்று ஹதீஸில் காண்கிறோம். அது இரு கை கொள்ளும் அளவு. ஏறத்தாழ முக்கால் லிட்டர். ஞாயிறு மாலை வீடு திரும்பியதும் குழாயடியில் ஒரு வாளியை வையுங்கள். எல்லோரும் அதன் மேலேயே உளூச் செய்யட்டும். சேர்ந்த நீரைப் பிள்ளைகள் அளக்கட்டும். மாமியும் அருகில் இருக்கட்டும்.