ஐ.பி. நம்பர் எங்கே?

சீர்காழிப் பக்கத்துக் காலனிகளுக்கு வாரக்கடன் வசூலிக்க வருகிறவர்களின் பின்னாலேயே இப்போது காப்பீடு விற்கிறவர்களும் வருகிறார்கள். "தினம் ரெண்டு டீயைக் குறைச்சா போதும், குடும்பத்துக்கே பாலிசி" என்கிறார்கள். சம்பா அறுப்பு முடிந்து குறுவை நடவு வரை கூலி கிடைக்காத வீட்டு வாசலில் நின்று இதைச் சொல்ல தனித் துணிச்சல் வேண்டும்.

எந்தப் பாலிசி நல்லது என்று இளம் தோழர்கள் கேட்கிறார்கள். சட்டப்படி வர வேண்டியது உங்கள் வீட்டுக்கு வந்துவிட்டதா என்று நாங்கள் திருப்பிக் கேட்கிறோம்.

முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை சிகிச்சை. பிரீமியத்தை அரசு கட்டுகிறது. பழைய நோய்க்குக் காத்திருப்புக் காலம் கிடையாது. எந்தத் தனியார் பாலிசியும் ஏழைக்கு இதைத் தராது. ஆனால் படுத்துச் செய்யும் சிகிச்சைக்குத்தான் பணம். புறநோயாளிச் செலவும் போன கூலியும் நம் தலையில்தான். அதோடு, குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாயைத் தாண்டக் கூடாது. அதாவது மாதம் பத்தாயிரம்.

இங்கேதான் நம் மக்கள் தவறி விழுகிறார்கள். மாதம் 12,000 வாங்கும் ஒப்பந்தத் தூய்மைப் பணியாளர் ஒருவரை எடுத்துக்கொள்வோம். (அந்த வேலைக்கு எந்தத் தெருக்காரர்களை அனுப்புகிறார்கள் என்று நாம் சொல்லித்தான் தெரிய வேண்டுமா?) ஆண்டுக்கு 1,44,000. அரசுக் கணக்கில் அவர் ஏழை இல்லை, அட்டையும் இல்லை. சரி, 21,000 வரை சம்பளம் வாங்குகிறவருக்கு இ.எஸ்.ஐ. உண்டே? தொழிலாளி பங்கு 0.75 சதவீதம், 90 ரூபாய். ஒப்பந்ததாரர் பங்கு 3.25 சதவீதம், 390 ரூபாய். இதைக் கட்டினால் புறநோயாளிச் சிகிச்சை, மருந்து, குடும்பத்துக்கும் வைத்தியம். போதிய நாள் பங்கு கட்டியிருந்தால், உடம்பு முடியாமல் படுத்த காலத்துக்கு 91 நாள் வரை 70 சதவீதக் கூலி.

அந்த 390 ரூபாயை மிச்சம் பிடிக்கத்தான் இத்தனை தில்லுமுல்லும். தொழிலாளியின் 90 ரூபாயைப் பிடித்த சீட்டை எங்களிடம் காட்டியிருக்கிறார்கள். ஐ.பி. நம்பர் என்ன என்று கேட்டால் அப்படி ஒன்று இருப்பதே அவர்களுக்குத் தெரியவில்லை. பிடித்த பணத்தைக் கட்டாமல் விடுவது சிறைத் தண்டனைக்குரிய குற்றம். குப்பை அள்ளுகிறவருக்கு அதை யாரும் சொன்னதில்லை, அவ்வளவுதான். இப்படி இரண்டு பக்கமும் கைவிடப்பட்டவரிடம்தான் ஏஜெண்ட் டீயைக் குறைக்கச் சொல்கிறார்.

இதற்குப் பிறகும் தனியார் பாலிசி எடுத்துத்தான் ஆக வேண்டுமென்றால் ஏமாறாமல் எடுங்கள். கடனோடு சேர்த்துத் தலையில் கட்டுவது பெரும்பாலும் நாளொன்றுக்கு இவ்வளவு என்று தரும் 'ஹாஸ்பிகேஷ்'. ஆஸ்பத்திரி பில்லுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. சர்க்கரை இருப்பதை எழுத வேண்டாம் என்று ஏஜெண்ட் சொன்னால் அந்த இடத்திலேயே எழுந்துவிடுங்கள். மறைத்ததைக் காட்டித்தான் நாளை பணம் மறுப்பார்கள். எழுதினாலும் பழைய நோய்க்கு மூன்று ஆண்டு வரை காக்க வைக்கலாம். அறை வாடகை வரம்பைப் பாருங்கள். 2,000 வரம்பு உள்ளவர் 4,000 ரூபாய் அறையில் படுத்தால் டாக்டர் கட்டணத்திலும் பாதி வெட்டு விழும். பட்டியலில் சென்னை ஆஸ்பத்திரிகளை எண்ணி என்ன பயன்? சிதம்பரத்திலும் மயிலாடுதுறையிலும் எத்தனை இருக்கிறது என்று எண்ணுங்கள். முதல் வேலைக்குப் போயிருக்கும் தோழர்களே, கம்பெனி தரும் காப்பீடு வேலையை விட்டதும் போய்விடும். அப்பா அம்மாவின் பெயர் அதில் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

அடுத்த சம்பள நாளன்று சீட்டைப் படிக்கத் தெரிந்த இரண்டு பேர் தூய்மைப் பணியாளர்களோடு போய் நில்லுங்கள். இ.எஸ்.ஐ. பிடித்தம் உண்டா, பத்து இலக்க ஐ.பி. நம்பர் எங்கே என்று ஒப்பந்ததாரரிடம் கேளுங்கள். நம்பர் வரவில்லையென்றால் சீட்டின் நகலோடு இ.எஸ்.ஐ. கிளை அலுவலகத்துக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். ஒருவர் பெயரில் மட்டும் கொடுக்காதீர்கள், மறுநாள் அவருக்கு வேலை இருக்காது. மொத்தப் பேரும் கையெழுத்துப் போடட்டும்.