மலை வெற்றிடம் அன்று: இமயப் புல்வெளிகளும் ஒளித்துவைக்கப்படும் பெட்டிகளும்

உயர்மலைப் பாதையோரம் ஒரு சிறு பெட்டியை ஒளித்துவைத்து, அதன் ஆயத்தொலைவை இணையத்தில் அறிவித்து, பிறரைத் தேடச்செய்யும் ஜியோகேச்சிங் விளையாட்டு, புவியியலுக்கும் சுற்றுலாவியலுக்கும் உகந்த களக்கல்வி முறை என ஆய்விதழ்களில் பரிந்துரைக்கப்படுகிறது. ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் வேரூன்றிய அளவுக்கு அது இமயத்தில் இன்னும் பரவவில்லை. ஆகவேதான் அதனை மறுத்துரைப்பதற்கு இதுவே தக்க காலம். பெட்டி சிறியதா பெரியதா என்பதன்று சிக்கல். மலை எவருக்கும் உரியதன்று என்ற முன்முடிவே சிக்கல்.

விளையாட்டின் பிறப்பிலேயே அம்முன்முடிவு உண்டு. 2000 மே மாதத் தொடக்கத்தில் அமெரிக்க அரசு, பொதுமக்களுக்கான ஜி.பி.எஸ். சமிக்ஞையில் வேண்டுமென்றே புகுத்தியிருந்த பிழையை நீக்கியது. உடனடியாக ஆரிகன் மாநிலத்தில் டேவ் அல்மர் என்பவர் ஒரு வாளியைக் காட்டில் வைத்து, அதன் இருப்பிடத்தை எண்களாக வெளியிட்டார். எடுப்பவர் ஏதேனும் ஒன்றை வைக்கவேண்டும். ஏட்டில் பெயர் எழுதவேண்டும். பின்னர் வந்த விதிகள் மண்ணைத் தோண்டுவதைத் தடைசெய்தன. நில உரிமையாளரின் அனுமதியையும் கோரின. விதி நல்லதே. ஆனால் 3,500 மீட்டர் உயரத்துப் புல்வெளியில் 'நில உரிமையாளர்' யார்?

உத்தராகண்டில் 'புக்யால்' எனப்படும் அப்புல்வெளிகள் ஆவணத்தில் பெரும்பாலும் வனத்துறையின் பெயரில் உள்ளன. அவற்றுக்குக் கீழுள்ள காடுகள் பலவற்றை 1931 முதல் வனப் பஞ்சாயத்துகள் பேணிவருகின்றன. கோடையில் மந்தையுடன் மேலேறும் இடையர்களுக்கு அங்கே வழிவழி வந்த மேய்ச்சல் உரிமை உண்டு. ஒரே புல்வெளி பருவத்துக்கேற்பக் கைமாறுகிறது. சில நாள்களில் தெய்வத்துக்கும் உரியதாகிறது. இத்தகைய பல்லடுக்கு உரிமையை ஓர் அட்சரேகையும் ஒரு தீர்க்கரேகையும் காட்டுவதில்லை. யாரைக் கேட்பது என்று தெரியாதபோது யாரையும் கேட்காமலிருப்பது எளிதாகிவிடுகிறது.

ஆலி, பேத்னி புல்வெளிகளின் கதை இங்கே நினைக்கத்தக்கது. அவற்றைக் காக்க உள்ளூர்ப் பாதுகாப்புக் குழு ஒன்று தொடுத்த வழக்கில், 2018 ஆகஸ்டில் உத்தராகண்ட் உயர் நீதிமன்றம் புக்யால்களில் இரவு தங்குவதைத் தடைசெய்தது. பயணிகளின் எண்ணிக்கைக்கு 200 என வரம்பிட்டது. வணிகமுறை மேய்ச்சலை விலக்கி, உள்ளூர் இடையர்களுக்கு மட்டும், அதுவும் கால்நடைகளின் எண்ணிக்கையைக் கட்டுப்படுத்தி, இசைவு தந்தது. அத்தீர்ப்பை எதிர்த்து வாதிட இடமுண்டு. ஆனால் தலைமுறைகளாக அங்கே மேய்ப்பவரின் ஆடும் எண்ணப்படும் நிலத்தில், தொலைநகரிலிருந்து வருபவர் வைத்த பெட்டி மட்டும் எந்தக் கணக்கிலும் வராதிருப்பது நியாயமாகாது.

சூழலியல் கேடும் கற்பனையன்று. கைக்கருவியின் ஜி.பி.எஸ். அளவீடு சில மீட்டர் பிசகும். எனவே தேடுபவர் பாதையை விட்டு விலகி, சுற்றுவட்டத்துக் கற்களை ஒவ்வொன்றாகப் புரட்டுவார். அடுத்து வருபவரும் அதையே செய்வார். இடையரின் மந்தை இடம்பெயர்ந்துகொண்டே இருக்கும்; பெட்டியோ ஒரே புள்ளிக்குக் கால்களை இழுத்துக்கொண்டே இருக்கும். ஆண்டில் சில மாதங்களே தளிர்க்கும் உயர்மலைப் புல் மிதிபட்டுப் பெயர்ந்தால் மீள்வதற்கு நெடுங்காலம் பிடிக்கும்.

'எடு, வை' என்னும் வழக்கம் மலையில் எங்கே கொண்டுவிடும் என்பதற்கு ரூப்குண்டே சான்று. ஏறத்தாழ 5,000 மீட்டர் உயரத்திலுள்ள அவ்வேரியின் மனித எலும்புகளில் 38 பேருடைய மரபணுவை ஆராய்ந்த 2019ஆம் ஆண்டின் ஆய்வு, அவர்கள் வெவ்வேறு காலங்களில் இறந்த வெவ்வேறு மரபினர் என்று காட்டியது. அதற்குள் எத்தனையோ எலும்புகளை மலையேறிகள் நினைவுப்பொருளாகக் கொண்டுசென்றுவிட்டனர். எஞ்சியவையும் இடம்மாறிக் கலைந்தன. அங்கே பெட்டி இல்லை, விளையாட்டும் இல்லை. மலையில் கிடப்பது கண்டெடுத்தவருக்கே சொந்தம் என்ற மனப்பான்மை மட்டும் இருந்தது. ஜியோகேச்சிங் அம்மனப்பான்மையை விதியாக்குகிறது.

கேட்காமல் வைத்துச்செல்வதன் கொடிய வடிவத்தையும் இமயம் கண்டிருக்கிறது. 1965இல் இந்திய, அமெரிக்க உளவு அமைப்புகள் சீனாவைக் கண்காணிக்கப் புளூட்டோனியத்தால் இயங்கும் மின்கலத்தை நந்தாதேவிக்குக் கொண்டுசென்று, புயலால் பாதிவழியில் விட்டுத் திரும்பின. மறு ஆண்டு அது அங்கில்லை, இன்றுவரை கிடைக்கவுமில்லை. 1978இல்தான் பிரதமர் மொரார்ஜி தேசாய் நாடாளுமன்றத்தில் அதை ஒப்புக்கொண்டார். ஞெகிழிப் பெட்டியும் புளூட்டோனியமும் ஒன்றல்ல. ஆயினும் அடிவாரத்து மக்களிடம் கேட்கத் தேவையில்லை என்ற துணிவு இரண்டுக்கும் பொது.

சாலைகளும் அணைகளும் மலையைக் குடையும்போது உள்ளங்கையளவுப் பெட்டியைப் பழிப்பதா என்று சிலர் வினவுவர். பெருந்திட்டங்களின் கேடு பன்மடங்கு பெரிது, மறுப்பதற்கில்லை. ஆனால் அவற்றை எதிர்த்து மனு கொடுக்கலாம், வழக்காடலாம், மறியல் செய்யலாம். அறிவிப்பின்றி வைக்கப்பட்ட பெட்டியை எதிர்க்க, அது அங்கிருப்பதே ஊராருக்குத் தெரியாது. 12 ஆண்டுகளுக்கு ஒருமுறை நடக்கும் நந்தா ராஜ ஜாத் யாத்திரையும் இப்புல்வெளிகளை மிதிக்கிறதே என்பர். அந்த யாத்திரை ஊர் ஊராகத் தங்கி, ஊராரின் முறைகளுக்குக் கட்டுப்பட்டு நடப்பது. ஒப்பிடவேண்டியது கால்களின் எண்ணிக்கையை மட்டுமன்று. யாருக்குப் பதில்சொல்லக் கடமைப்பட்டிருக்கிறோம் என்பதையும்தான்.

1802இல் சென்னைப் பரங்கிமலை அருகே தொடங்கிய நில அளவைப் பணி இமயத்தை எட்டியபின், எல்லைக்கு அப்பாலுள்ள திபெத்தைக் காலடிகளால் அளந்தவர் ஜோஹார் பள்ளத்தாக்கின் மிலம் ஊரைச் சேர்ந்த நைன் சிங் ராவத். மணிமாலையில் நூறு மணிகளை வைத்து அடிகளை எண்ணிய அவருக்கு, அரச புவியியல் கழகம் 1877இல் தங்கப் பதக்கம் அளித்தது. மலைவாழ் மக்களின் நடையால் உருவான வரைபடத்தில் அவர்களின் மேய்ச்சல் நிலமே வெற்றிடமாகத் தோன்றுவது அறிவுலகின் நன்றிகேடு.

செய்யவேண்டியவை தெளிவானவை. மரவரம்புக்கு மேல் எந்தப் பெட்டியும் வைக்கக்கூடாது. பெட்டியே இல்லாமல், பாறையையும் பனியாற்றுத் தடத்தையும் உற்றுநோக்கி வினாக்களுக்கு விடையளிக்கும் 'எர்த்கேச்' முறை 2004 முதலே உள்ளது; களக்கல்விக்கு அது போதும். அதற்கும் வனத்துறையின் இசைவோடு, வனப் பஞ்சாயத்திடமும் மேய்ச்சல் உரிமையுள்ளோரிடமும் முன்கூட்டியே கேட்டு, எழுத்துவடிவில் ஒப்புதல் பெறவேண்டும். நேர்காணலுக்கு ஒப்புதல் படிவம் கேட்கும் பல்கலைக்கழக அறநெறிக் குழுக்கள், பொதுநிலத்தில் பொருள் வைக்கும் ஆய்வுக்கும் அதையே கேட்கவேண்டும். ஊரார் மறுத்தால், அந்த மறுப்பே அக்களப்பயணத்தின் முதற்பாடமாகட்டும்.