விற்ஸ் எண்டால் ரீகண்டிசன், கொம்பியூட்டர் எண்டால் குப்பையோ?

யாழ்ப்பாணத்தில் புதிதாகக் கார் எடுத்த ஆளிடம் "இது பழசுதானே?" என்று ஒருக்கால் கேட்டுப் பாருங்கள். முகம் கறுத்துப் போகும். "பழசில்லைத் தம்பி, ரீகண்டிசன். ஜப்பானிலை ஓடினது" என்பார். எத்தனையாம் ஆண்டு, எத்தனை கிலோமீற்றர், என்ன கிரேட் என்று பத்து நிமிசம் விரிவுரை நடக்கும். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் பாவனைக்கான கார்கள் திரும்ப வரத் தொடங்கியது 2025 பெப்ரவரியில். இடைப்பட்ட காலத்தில் பாவித்த காரின் விலை ஏறிக்கொண்டே போனது. வாங்கிய விலையைவிடக் கூடவாக விற்றவர்கள் எங்கட ஒழுங்கைக்குள்ளேயே இருக்கினம். ஆருக்கும் அதில் வெட்கமில்லை. இருக்கவும் தேவையில்லை.

அதே ஆள் மகளுக்குக் கம்பஸ் கிடைத்ததும் கொம்பியூட்டர் வாங்க வெளிக்கிடுவார். அங்கே கதை மாறும். "பழைய சாமானை வீட்டுக்குள்ளை கொண்டு வரேலாது. புதுசா ஒண்டு எடுப்பம்." புதுசு என்றால் கடையின் முன்கண்ணாடிக்குப் பின்னால் வெள்ளையாய், மெல்லிசாய், ஒரேயொரு வயர் மட்டும் தொங்க நிற்கிறதே, அந்த ஓல்-இன்-வண். திரைக்குப் பின்னாலேயே முழுக் கொம்பியூட்டரும் அடக்கம். மூலையில், தூசு படிந்த தட்டில், டெல், எச்.பி., லெனோவோ என்று பேர் போட்ட கறுப்புப் பெட்டிகள் வரிசையாக இருக்கும். வெளிநாட்டுக் கம்பனிகள் மூன்று நான்கு வருசம் பாவித்துவிட்டு மொத்தமாகக் கழித்தவை; துடைத்து, சோதித்து, திரும்ப விற்பனைக்கு வந்தவை. அந்தப் பக்கம் ஐயா திரும்பியும் பார்க்கமாட்டார்.

ஜப்பான்காரன் ஓடிக் கழித்த கார் கௌரவம், சிங்கப்பூர் ஒபிஸ் கழித்த கொம்பியூட்டர் குப்பை. இந்தக் கணக்கு எனக்கு விளங்கவில்லை. கார் றோட்டில் நாலு பேர் பார்க்க ஓடுகிறது, கொம்பியூட்டர் அறைக்குள் கிடக்கிறது என்பதுதான் வித்தியாசம் என்றால், அறைக்குள் கிடக்கிறதுக்கு வடிவு என்னத்துக்கு?

ஓல்-இன்-வண் எல்லாம் கூடாது என்று நான் சொல்லவரவில்லை. 1998 இல் அப்பிள் கம்பனி ஐமக்கைக் கொண்டுவந்தபோது, பெட்டியைக் கண்டு பயந்த ஆக்களுக்கு அது உண்மையிலேயே உதவியது. வங்கிக் கவுண்டருக்கு, ஆஸ்பத்திரி வரவேற்பு மேசைக்கு, பழுதானால் அடுத்த நாளே வேறொன்று கொண்டுவந்து வைக்கிற ஒப்பந்தம் இருக்கிற இடத்துக்கு அது பொருந்தும். சுன்னாகத்தில், ஒரு குடும்பம் சீட்டுப்பிடித்தோ கட்டுக்காசுக்கோ ஒரேயொரு தரம் வாங்கி ஆறேழு வருசம் இழுக்க வேண்டிய பொருளாக அதை விற்கிறதுதான் அநியாயம்.

என்னோடு படிக்கிற ஒருத்தியின் கதையைச் சொல்கிறேன். கட்டுக்காசுக்கு எடுத்த ஓல்-இன்-வண். இரண்டாம் வருசம் திரையில் நெடுக்காக ஒரு கோடு விழுந்தது. கோடு இரண்டாகி, மூன்றாகி, ஒரு நாள் முழுக்க இருட்டு. உள்ளே கொம்பியூட்டர் ஓடுகிறது, ஃபான் சத்தம் கேட்கிறது, திரை மட்டும் இல்லை. இறுதியாண்டு ஆய்வுக்கு எடுத்த நேர்காணல் ஒலிப்பதிவுகள் எல்லாம் அதற்குள். டிஸ்க்கை மட்டுமாவது கழற்றித் தாருங்கோ என்று இங்கே ஒரு திருத்துகிற அண்ணையிடம் கொண்டுபோனால், "முன்கண்ணாடியைக் கிளப்பித்தான் உள்ளை போகலாம், வெடிச்சால் நான் பொறுப்பில்லை" என்றார். அவரில் பிழையில்லை. விற்ற இடத்தில் கேட்டால் கொழும்புக்குத்தான் அனுப்ப வேண்டும், திரை வர நாலைந்து கிழமை, செலவு வாங்கிய விலையில் பாதிக்குக் கிட்ட. கட்டுக்காசு இன்னும் முடியவில்லை. ஓடாத சாமானுக்கு மாதம் மாதம் காசு கட்டிக்கொண்டு, அவள் இரவல் லப்டொப்பில் முதலாம் அத்தியாயத்திலிருந்து திரும்ப எழுதினாள்.

தனிப்பெட்டியும் தனித்திரையும் என்றால் இந்தக் கதை எப்படி முடிந்திருக்கும்? மொனிற்றர் போனால் பக்கத்து வீட்டு மொனிற்றரைக் கொண்டுவந்து குத்தலாம். ரிவியில்கூடக் குத்தலாம். பவர் சப்ளை எரிந்தால் அதை மட்டும் மாற்றலாம். டிஸ்க்கைக் கழற்ற ஒரு ஸ்குறூட்ரைவர் காணும்; பல ஒபிஸ் பெட்டிகளில் அதுவும் தேவையில்லை, ஒரு கொளுக்கியை இழுத்தால் மூடி கழன்றுவிடும். ஒன்று செத்தால் மற்றது சாகாது. ஓல்-இன்-வண்ணில் எல்லாம் உடன்கட்டை ஏறும்.

அடுத்தது, உள்ளே இருக்கிற மூளை. இங்கே மலிவு விலைக்கு வருகிற ஓல்-இன்-வண்களில் கனக்க, லப்டொப்புக்கோ அதைவிடச் சின்ன சாமானுக்கோ செய்த சிப்தான் இருக்கும். செலரோன் என்று ஒட்டுப்போட்டு, 2 கோர், 4 ஜிபி ராம். விண்டோஸ் 11 ஓட ஆகக் குறைந்தது 4 ஜிபி ராமும் 64 ஜிபி சேமிப்பும் வேண்டும் என்று மைக்ரோசொஃப்ற் சொல்கிறது. அதாவது உங்களுக்கு விற்கிறது வாசற்படி. வீடு இல்லை. அந்த விலைக்கு, பல தடவை அதற்கும் குறைய, எட்டாம் தலைமுறை ஐ5 போட்ட ஒபிஸ் பெட்டி ஒன்று எடுக்கலாம். 2018 அளவில் செய்தது, 6 கோர். 8 ஜிபி ராம் இருக்கும். காசு சேரும்போது இன்னொரு 8 ஜிபி வாங்கி நீங்களே குத்தலாம். சில ஓல்-இன்-வண்களில் ராம் போர்டோடு ஒட்டியே வருகிறது. 2021 இல் வந்த ஐமக்கிலும் அப்படித்தான். வாங்குகிற நாள் எடுத்த முடிவோடு சாகும்வரை இருக்க வேண்டியதுதான்.

இந்த இடத்தில் எனக்கு உண்மையான கோவம் ஒன்று இருக்கிறது. கடையில் "என்ன படிக்கிறீங்கள் தங்கச்சி?" என்பார்கள். "ஆர்ட்ஸ்" என்றால் ஒரு சிரிப்பு. "அப்ப டைப் பண்ணத்தானே, உந்தச் சின்னது காணும்." எங்களுக்கு என்ன வேலை என்று இவைக்கு ஆர் சொன்னது? நூலகம் தளத்திலிருந்து இறக்கிய பழைய பத்திரிகை ஸ்கான்கள் ஒவ்வொன்றும் எவ்வளவு கனம் என்று தெரியுமோ? ஒரு பக்கம் நாலைந்து பிடிஎஃப், மற்றப் பக்கம் இரண்டு மணித்தியால ஒலிப்பதிவை நிப்பாட்டி நிப்பாட்டி எழுத்தாக்குகிற வேலை, நடுவில் பாமினியில் டைப் பண்ணின பழைய கோப்பை யூனிகோட்டுக்கு மாற்றுகிற மல்லுக்கட்டு. 4 ஜிபி ராமில் இதைச் செய்துபார்த்தவர்களுக்கு அந்தச் சிரிப்பு பிடிக்காது. பொறியியல் பீடத்துப் பெடியனுக்கு நல்ல மெசின், கலைப்பீடத்துப் பெட்டைக்கு வடிவான மெசின். இதுதான் நடக்கிறது.

பழசைத் திருத்திப் பாவிக்கிறது எங்களுக்குப் புதுப் பழக்கமும் இல்லை. ஒஸ்ரின் ஏ40, மொறிஸ் மைனர் எல்லாம் செய்த நாட்டிலேயே காட்சிப்பொருளான பிறகும் யாழ்ப்பாணத்தில் வாடகைக்கு ஓடினவை. ஏன் ஓடினவை? ஒவ்வொரு பாகத்தையும் கழற்றலாம், தெரிந்த மெக்கானிக் இருந்தார், கிடைக்காத பாகத்தைக் கடைச்சல் பட்டறையில் செய்யலாம். தொண்ணூறுகளின் பொருளாதாரத் தடைக்குள் ஒரு சொட்டுப் பெற்றோலைக் காட்டி ஸ்ராட் பண்ணி மண்ணெண்ணெயில் ஓட்டிய கதையும், சைக்கிள் டைனமோவைச் சுற்றி ரேடியோ கேட்ட கதையும், ஜாம் போத்தல் விளக்கில் படித்த கதையும் கேட்டுத்தான் எங்கட தலைமுறை வளர்ந்தது. எந்த விருந்துக்குப் போனாலும் ஒரு பெரியப்பா இதைத் தொடங்குவார். சரி பெரியப்பா, அந்தப் பெருமையெல்லாம் எங்கே போனது? நாலு ஸ்குறூ போட்ட கறுப்புப் பெட்டிக்கு உங்களுக்கு ஏன் வெட்கம்?

எதிர்ப்பக்கத்தில் சொல்கிறவற்றையும் பார்ப்போம். கரண்ட் பில் கூடுமாம். கூடும்தான். எழுத்து, இணையம் என்று சாதாரண வேலை செய்யும்போது பெட்டியும் மொனிற்றரும் சேர்ந்து 50, 60 வாட் இழுக்கும். ஓல்-இன்-வண் அதில் பாதியில் நிற்கும். வித்தியாசம் 30 வாட் என்று வையுங்கள். நாளுக்கு 5 மணித்தியாலம், மாதம் 30 நாள்: நாலரை யூனிற். தலைக்கு மேலே 70 வாட் சீலிங் ஃபான் இரவு முழுக்கச் சுற்றுகிறதைப் பற்றி ஒருத்தரும் மூச்சு விடுகிறதில்லை. யூ.பி.எஸ். இரண்டுக்கும் வேண்டும். 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம் கரண்ட் வெட்டிய நாடு இது. 2025 பெப்ரவரி 9 ஆம் திகதி பாணந்துறை உப மின்நிலையத்தில் ஒரு குரங்கு பாய்ந்ததால் தீவு முழுக்க இருண்டது என்று அமைச்சரே சொன்னார். குரங்குக்கு ஓல்-இன்-வண் எது, டவர் எது என்று தெரியாது.

இரண்டாவது, கொஞ்சம் கனமான கேள்வி. வெளிநாட்டான் கழித்ததை இங்கே கொண்டுவந்தால் கடைசியில் அது எங்கட மண்ணில்தானே குப்பையாகும்? இதைச் சுன்னாகத்து ஆளாக நான் தட்டிக்கழிக்க முடியாது. எங்கட கிணறுகளில் எண்ணெய் மிதந்ததை நாடே பார்த்தது. மின் உற்பத்தி நிலையக் கழிவு நிலத்தடி நீரில் கலந்த வழக்கில், பாதிக்கப்பட்ட மக்களுக்கு 2 கோடி ரூபாய் நட்டஈடு கட்டும்படி உயர் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது 2019 ஏப்ரலில். எங்களுக்குக் கீழே இருப்பது சுண்ணாம்புக்கல். மேலே எதை ஊற்றினாலும் கீழே இறங்கும், இறங்கிய இடத்தில் நிற்காது, பக்கத்து ஊர்க் கிணற்றுக்கும் போகும். உலகத்தில் 2022 ஆம் ஆண்டு மட்டும் சேர்ந்த மின்னணுக் கழிவு 6 கோடியே 20 இலட்சம் தொன். அதில் முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்ததாகப் பதிவானது 22.3 வீதம். மிச்சம் எங்கேயோ ஆருடையவோ கிணற்றுக்குப் பக்கத்தில் கிடக்கிறது.

ஆனால் இந்தக் கணக்கையே வைத்துப் பாருங்கள். திரையில் கோடு விழுந்ததற்காக முழுச் சாமானையும் எறிகிறதா, எரிந்த பவர் சப்ளையை மட்டும் எறிகிறதா? எது கிணற்றுக்கு நல்லது? ஓடாத பெட்டியை "ஏ கிரேட்" என்று ஒட்டி இறக்கினால் அது குப்பை வியாபாரம்தான், சந்தேகமே இல்லை. மின்னணுக் கழிவை நாடு விட்டு நாடு அனுப்புகிறதுக்கு முன்கூட்டியே அனுமதி வேண்டும் என்று பாசல் உடன்படிக்கையின் திருத்தம் 2025 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்ததும் அதனால்தான். இன்னும் ஐந்தாறு வருசம் உழைக்கக்கூடிய மெசின் கழிவில்லை.

அதுக்காக ரீஃபர்பிஷ் கடைக்காரர் எல்லாம் உத்தமர் என்று நினைத்துப் போகவேண்டாம். சுன்னாகம் சந்தையில் கத்தரிக்காயைக்கூட நாலு தரம் திருப்பிப் பார்த்து, காம்பைக் கிள்ளி வாங்குகிற ஆக்கள் நாங்கள். இதையும் கிள்ளித்தான் வாங்கவேண்டும். மூடியைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கோ. காட்டமாட்டன் எண்டால் வெளிக்கிடுங்கோ. கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்று ஒரு இலவச மென்பொருள் இருக்கிறது. பென்டிரைவில் கொண்டுபோய் ஓடவிட்டால் டிஸ்க் எத்தனை மணித்தியாலம் உழைத்தது, எவ்வளவு சுகமாக இருக்கிறது என்று பெரும்பாலும் காட்டிவிடும். விண்டோஸ் 10 க்கான வழமையான ஆதரவு 2025 ஒக்டோபர் 14 ஓடு முடிந்தது. விண்டோஸ் 11 ஐ இன்ரெல் எட்டாம் தலைமுறைக்குக் கீழே மைக்ரோசொஃப்ற் பொதுவாக ஏற்றுக்கொள்வதில்லை. அதனால்தான் ஆறாம், ஏழாம் தலைமுறைப் பெட்டிகள் இப்போது மலிவாகக் கொட்டுகின்றன. லினக்ஸ் மின்ற் போட்டுப் பாவிக்க மனமிருந்தால் அவை தங்கம், இல்லையென்றால் தொடாதீர்கள். இன்னொன்று: ஒபிஸ் பெட்டிகள் சிலவற்றில், டெல் ஒப்டிபிளெக்ஸ் மாதிரி, பவர் சப்ளையும் மதர்போர்ட்டும் அந்தக் கம்பனியின் அளவுக்கே பொருந்தும். அதே மொடல் ஏராளமாக வந்திருப்பதால் பாகம் தேடினால் கிடைக்கும், ஆனால் தேடத்தான் வேண்டும். மிக ஒல்லியான பெட்டியை விட்டுவிட்டுக் கொஞ்சம் அகலமானதை எடுங்கள்.

"அப்ப லப்டொப் எடுக்கலாமே" என்று ஒரு குரல் கேட்கிறது. எடுக்கலாம். விரிவுரைக்குக் கொண்டுபோக வேண்டுமென்றால் அதுதான் வழி. நான் கதைக்கிறது மேசையில் வைக்கிறதைப் பற்றி.

கடைசியாக, வெளிநாட்டில் இருக்கிற எங்கட ஊர்ச் சங்கங்களுக்கு. நீங்கள் பாடசாலைக்கும் சனசமூக நிலையத்துக்கும் கொம்பியூட்டர் தருகிறீர்கள், பெரிய உதவி. ஆனால் ரிப்பன் வெட்டுகிற படத்தில் வரிசையாக வெள்ளைத் திரைகள் நின்றால் வடிவாக இருக்கும் என்பதற்காகப் பத்து ஓல்-இன்-வண் வாங்காதீர்கள். மூன்று வருசத்தில் நாலு செத்து, மிச்ச ஆறையும் மூடிக்கட்டி, அறைக்குப் பூட்டுப் போட்டு, திறப்பு அதிபரின் லாச்சியில் கிடக்கிற கதை உங்களுக்கு வட்ஸ்அப்பில் வராது. அந்தக் காசுக்குப் பதினைந்து பெட்டி வாங்குங்கள். மிச்சத்தில் ஐந்து ராம், மூன்று பவர் சப்ளை, இரண்டு மொனிற்றர் வாங்கி அலுமாரியில் வையுங்கள். பதினொராம் வகுப்புப் பிள்ளைகள் நாலு பேருக்கு ஒரு சனிக்கிழமை முழுக்க மூடியைக் கழற்றிப் பூட்டப் பழக்க, ஊரில் இருக்கிற திருத்துகிற அண்ணைக்கு நாள்கூலி குடுங்கள். படம் எடுக்கிறதென்றால் அதை எடுங்கள்.