தாத்தாவின் விரலும் நாலு மில்லிமீட்டரும்

செமஸ்டர் முடிந்து ஊருக்கு வந்து பத்து நாளாகிறது. இந்த முறை ஜி.எஸ்.டி.யும் இல்லை, பங்குச் சந்தையும் இல்லை. எங்க தாத்தாவைப் பற்றி எழுதப்போகிறேன். தாத்தாவைச் சாக்காக வைத்து ரூபாய் நோட்டு, ஏ.டி.எம்., செல்போன் எல்லாவற்றையும் கொஞ்சம் திட்டவும் போகிறேன். :-)

எங்க ஊர் மணப்பாடு. தெரியாதவர்களுக்கு: திருச்செந்தூரில் இருந்து தெற்கே கடலோரமாக வந்தால் ஒரு மணல் குன்றும், அதன் மேலே திருச்சிலுவைக் கோயிலும் தெரியும். அந்த ஊர்தான். தாத்தா நாற்பது வருடம் கடலுக்குப் போனவர். கண்ணில் அழுத்தம் கூடி நரம்பு பாதித்து, பார்வை கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்து, நான் ஐந்தாம் வகுப்பு படிக்கும்போது சுத்தமாக நின்றுவிட்டது. ஆனால் மனுசன் சும்மா உட்கார மாட்டார். கிழிந்த வலையைத் தடவித் தடவியே சரி செய்துவிடுவார். செதிலைத் தொட்டு மீன் பெயர் சொல்வார். ரூபாய் நோட்டும் அப்படித்தான். விரலோடு சேர்த்து வைத்து நீளம் பார்ப்பார். "இது அம்பது, இது நூறு" என்று பிரித்து வைப்பார். தப்பவே தப்பாது.

பழைய நோட்டில் அதற்கு வசதி இருந்தது. ஐம்பது ரூபாய் 147 மில்லிமீட்டர், நூறு 157, ஐநூறு 167, ஆயிரம் 177. ஒவ்வொன்றுக்கும் பத்து மில்லிமீட்டர், அதாவது ஒரு சென்டிமீட்டர் வித்தியாசம். பழகிய விரலுக்கு அது போதும்.

2016 நவம்பர் 8 ராத்திரி நடந்தது எல்லோருக்கும் தெரியும். நான் அப்போது ஏழாம் வகுப்பு. ஊரே பழைய ஐநூறை மாற்ற வரிசையில் நின்ற கதையை நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். எழுதப்படாதது வேறொன்று. அடுத்த மூன்று வருடத்தில் பத்து முதல் ஐநூறு வரை எல்லா நோட்டும் ஒவ்வொன்றாகப் புது அளவில் வந்தன. புது நூறு 142 மில்லிமீட்டர். புதிதாக வந்த இருநூறு 146. புது ஐநூறு 150. அகலம் மூன்றுக்கும் ஒன்றுதான், 66.

கணக்குப் போட்டுப் பாருங்கள். நூறுக்கும் இருநூறுக்கும் நாலு மில்லிமீட்டர். இருநூறுக்கும் ஐநூறுக்கும் நாலு மில்லிமீட்டர். இது போதாதென்று பழைய நூறு ரூபாயும் கூடவே புழங்கியது. அதன் நீளம் 157. அதாவது தாத்தாவின் விரலுக்குப் பழைய நூறு, புது ஐநூறை விடப் பெரிய நோட்டு!

ஒரு நாள் மீன் விற்ற காசை மடியில் வைத்துக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்து தடவித் தடவிப் பார்த்தார். கடைசியில் என்னிடம் நீட்டி, "ஏ மக்கா, இது எத்தன ரூவான்னு பாத்துச் சொல்லுல" என்றார். அவர் அப்படிக் கேட்டு அதற்கு முன் நான் பார்த்ததில்லை.

நியாயமாகப் பேச வேண்டும். ரிசர்வ் வங்கி எதுவுமே செய்யவில்லை என்று சொல்ல முடியாது. புது நோட்டிலும் தொட்டு அறியும் அடையாளம் உண்டு. நூறில் மேடாக ஒரு முக்கோணம், ஐநூறில் ஒரு வட்டம், ஓரங்களில் சாய்ந்த கோடுகள். வங்கியில் இருந்து வந்த புத்தம் புது நோட்டில் அது விரலுக்குத் தெரியும். எங்க ஊர் நோட்டு மீன் ஈரத்தில் நனைந்து, வேர்வையில் ஊறி, நாலாக மடிந்து வருவது. மேடு எங்கே, பள்ளம் எங்கே? ஐம்பதிலும் அதற்குக் கீழே உள்ள நோட்டுகளிலும் அந்த மேடும் கிடையாது.

பார்வையற்றோர் தேசிய சங்கம் இதற்காக மும்பை உயர் நீதிமன்றம் வரை போனது. 2020 ஜனவரி 1-ம் தேதி ரிசர்வ் வங்கி 'மணி' என்று ஒரு செயலியை வெளியிட்டது. செல்போன் கேமரா முன் நோட்டைக் காட்டினால் எத்தனை ரூபாய் என்று சொல்லும். இணையம் இல்லாமலும் வேலை செய்யும். முதலில் இந்தியும் ஆங்கிலமும் மட்டும், பிறகு தமிழும் சேர்ந்தது. நல்ல விஷயம்தான். ஆனால் தாத்தாவிடம் இருப்பது பட்டன் போன். நோட்டு என்பது நாட்டில் எல்லோருக்கும் பொதுவானது. அதில் விட்ட குறையைச் சரி செய்ய ஸ்மார்ட் போன் வாங்க வேண்டிய செலவு மட்டும் பார்வை இல்லாதவன் தலையில். இது என்ன கணக்கு?

இதே அரசாங்கத்துக்கு நன்றாகவும் செய்யத் தெரியும். 2019 மார்ச்சில் வந்த புது நாணயங்களை எடுத்துப் பாருங்கள். மதிப்பு கூடக் கூட அளவும் எடையும் கூடும்படி செய்திருக்கிறார்கள். இருபது ரூபாய் காசுக்குப் பன்னிரண்டு பக்கம். தாத்தா அதை ஒரே நாளில் பழகிக்கொண்டார். செயலி வேண்டாம், பயிற்சி வேண்டாம், யார் துணையும் வேண்டாம். உருவாக்கும்போதே யோசித்ததற்கும், உருவாக்கிவிட்டுப் பிறகு ஒட்டுப் போட்டதற்கும் உள்ள வித்தியாசம் இதுதான்.

இப்போது ஏ.டி.எம். கதைக்கு வருகிறேன். இதில் நான் கொஞ்சம் அசிங்கப்பட வேண்டியிருக்கிறது.

தாத்தாவின் உதவித்தொகை வங்கிக் கணக்கில் விழும். எடுத்து வருவது என் வேலை. கார்டு என் கையில், பின் நம்பர் என் மனதில். ஏ.டி.எம். வாசலில் பெரிதாக ஒட்டியிருப்பார்கள்: "உங்கள் ரகசிய எண்ணை யாரிடமும் சொல்லாதீர்கள், குடும்பத்தினரிடம்கூட." அந்த அறிவிப்புக்குக் கீழே நின்றுதான் தாத்தாவின் ரகசிய எண்ணை நான் அழுத்துவேன். சொல்லாதே என்று சொல்வதும் அதே வங்கி, சொல்லாமல் பணம் எடுக்க முடியாதபடி வைத்திருப்பதும் அதே வங்கி.

பிளஸ் ஒன் படிக்கும்போது ஒரு தடவை இருநூறு ரூபாய் கூடுதலாக எடுத்தேன். தாத்தாவுக்குத் தெரியாது. பணம் எடுத்த குறுஞ்செய்தி அவர் போனுக்குத்தான் வந்தது. சட்டைப் பையில் 'டிங்' என்று சத்தமும் கேட்டது. அவருக்கு அதைப் படிக்க முடியாது, அவ்வளவுதான். வங்கியின் கணக்கில் அவர்கள் கடமையைச் செய்தாயிற்று. தகவல் 'அனுப்பப்பட்டுவிட்டது'.

போன வருடம் தாத்தாவிடம் அதைச் சொல்லிவிட்டேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "காசு கெடக்குல. ஒன்ன நம்புறது எனக்குக் கஷ்டமில்ல. நம்பித்தான் ஆவணும்னு இருக்கே, அதான்..." என்றார். முடிக்கவில்லை.

பேசும் ஏ.டி.எம். என்று ஒன்று இருக்கிறது, தெரியுமா? காதில் மாட்டும் ஹெட்போனைச் செருகினால் ஒவ்வொரு படியையும் குரலில் சொல்லும். பக்கத்தில் நிற்பவர் பார்க்காமல் இருக்கத் திரையை அணைத்துக்கொள்ளலாம். 2014 ஜூலை 1 முதல் புதிதாக வைக்கும் எல்லா ஏ.டி.எம்.மும் பிரெய்ல் விசையோடு பேசும் இயந்திரமாக இருக்க வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் உத்தரவு. அதைப் படித்துவிட்டு தாத்தாவையும் ஒரு ஹெட்போனையும் கூட்டிக்கொண்டு பக்கத்து டவுனுக்குப் போனேன் (வங்கி பெயர் வேண்டாம்). பிரெய்ல் விசை இருந்தது. ஹெட்போன் துளையும் இருந்தது. சத்தம்தான் வரவில்லை. காவலாளி அண்ணாச்சியிடம் கேட்டேன். "அது எதுக்கு உள்ள ஓட்டைன்னே எனக்குத் தெரியாது தம்பி" என்றார். அவரைக் குறை சொல்ல முடியாது. அவருக்கு யாரும் சொல்லித் தரவில்லை. விதி எழுதியாயிற்று, இயந்திரம் வாங்கியாயிற்று. ஒரே ஒரு தடவை ஒரு பார்வையற்றவரை அழைத்து வந்து "பணம் எடுங்க ஐயா" என்று சொல்லிப் பார்த்திருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும்.

இதைப் பற்றி வகுப்பில் பேசினால் ஒரு நண்பன் கேட்டான்: "எத்தனை பேர்டா இருப்பாங்க? அவங்களுக்காக இவ்வளவு செலவு பண்ணினா கம்பெனி லாபம் என்னாகும்?" வணிகவியல் மாணவன் கேட்க வேண்டிய கேள்விதான். பதிலும் வணிகவியல் மாணவனாகவே சொல்கிறேன்.

முதலில் எத்தனை பேர் என்பது. 2011 கணக்கெடுப்புப்படி இந்தியாவில் மாற்றுத்திறனாளிகள் 2.68 கோடி பேர். சின்ன சந்தையா இது? அதோடு அந்த எண்ணிக்கைக்குள் வராதவர்களை எங்க ஊர்க் கரையில் வந்து பாருங்கள். வெயிலில் திரை தெரியாமல் போனைக் கையால் மறைத்துக்கொண்டு பார்ப்பவர். ஈரக் கையால் தொட்டால் தொடுதிரை கேட்காமல் வேட்டியில் துடைத்துத் துடைத்து அழுத்துபவர். வருடக்கணக்கில் கயிறு இழுத்து ரேகை தேய்ந்து, ரேஷன் கடை இயந்திரத்தில் நாலு தடவை விரல் வைத்தும் பொருந்தாதவர். கண்புரை தொடங்கிய பாட்டி. எழுத்துக்கூட்டிப் படிக்கும் அத்தை. இவர்கள் யாரும் மாற்றுத்திறனாளி அட்டை வைத்திருப்பவர்கள் இல்லை. ஆனால் எல்லோரும் அதே இயந்திரத்தின் முன்னால் திணறுகிறவர்கள். கண் தெளிவாக, விரல் உலர்ந்து, நன்றாகப் படிக்கத் தெரிந்து, அவசரம் இல்லாமல் நிற்கிற அந்த 'சராசரி வாடிக்கையாளர்' யார் என்று எனக்கு உண்மையிலேயே தெரியவில்லை. சராசரி என்பது புள்ளியியல் தாளில் வருகிற எண். அது கவுன்ட்டருக்கு வந்து நிற்காது.

அடுத்தது செலவு. பட்டன் போனில் 5 என்ற விசையின் மேல் ஒரு சின்னப் புள்ளி மேடாக இருக்கும். தாத்தா அதை வைத்துத்தான் மற்ற எண்களைக் கண்டுபிடிக்கிறார். அதற்கு என்ன பெரிய செலவு ஆகியிருக்கும்? கண் தெரிந்த நாமும் இருட்டில் அதைத் தடவித்தான் டயல் செய்தோம். இன்னொன்று, கடைகளில் பணம் வந்ததும் குரலில் சொல்லுகிற பெட்டி. அது வந்தது கடைக்காரர் போனை எடுத்துப் பார்க்கிற நேரம் மிச்சமாகவும், ஏமாறாமல் இருக்கவும். ஆனால் படிக்கத் தெரியாத, கண் மங்கிய எத்தனையோ வியாபாரிகளுக்கு அதுதான் கணக்குப்பிள்ளை. ஒருவருக்காக யோசித்துச் செய்த வசதி ஒருவரோடு நிற்பதில்லை.

அப்படியானால் எப்படி வடிவமைப்பது? பெரிய தத்துவம் வேண்டாம். எங்க ஊரில் செப்டம்பர் திருவிழாவுக்குக் கொடி ஏறும்போது கோயில் மணியும் அடிக்கும். கண் தெரியாதவருக்கு மணி, காது கேளாதவருக்குக் கொடி. ஒரே செய்தி, இரண்டு வழி. வங்கிகள் மட்டும் ஏன் ஒரே வழியில் நிற்கின்றன? கார்டு தொலைந்தால் "இந்த எண்ணை அழைத்துப் பேசுங்கள்" என்கிறார்கள். காது கேளாதவர் எப்படிப் பேசுவார்?

இதன் உச்சம் கண் சிமிட்டும் கதை. வீட்டில் இருந்தபடியே வங்கிக் கணக்கு தொடங்க, கேமராவைப் பார்த்துக் கண் சிமிட்டச் சொல்வார்கள். உயிருள்ள ஆள்தான் என்று உறுதி செய்யவாம். அமில வீச்சில் முகமும் கண்ணும் பாதிக்கப்பட்ட பிரக்யா பிரசூனால் சிமிட்ட முடியவில்லை. வழக்கு உச்ச நீதிமன்றம் போனது. 2025 ஏப்ரல் 30-ம் தேதி நீதிபதிகள் ஜே.பி. பர்திவாலா, ஆர். மகாதேவன் அமர்வு தீர்ப்புச் சொன்னது. டிஜிட்டல் சேவைகளை அணுகுவதும் அரசியல் சாசனத்தின் 21-வது பிரிவு தரும் வாழ்வுரிமையின் ஒரு பகுதி என்றது. கண் சிமிட்டுவதற்கு மாற்று வழி வேண்டும் என்பது உட்பட 20 உத்தரவுகள். சலுகையாக இல்லை, உரிமையாக.

தீர்ப்பு வந்துவிட்டதால் எல்லாம் சரியாகிவிடும் என்று நான் நம்பவில்லை. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் வந்தது 2016-ல், அமலுக்கு வந்தது 2017-ல். 2014-ல் சொன்ன பேசும் ஏ.டி.எம். எங்க பக்கத்தில் ஊமையாக நின்றதை மேலே எழுதியிருக்கிறேன். சட்டம் வாசல் வரைக்கும் வரும். உள்ளே வேலை செய்கிறதா என்று பார்க்க ஆள் வேண்டும்.

அந்த ஆட்கள் நாம்தான் மக்கா. நம் வகுப்பில் பாதிப் பேர் வங்கித் தேர்வுக்குப் படிக்கிறோம். மீதிப் பேர் ஏதாவது ஒரு கம்பெனியில் உட்காரப் போகிறோம். நாளைக்கு ஒரு செயலியோ இயந்திரமோ நம் மேஜைக்கு ஒப்புதலுக்கு வரும். அப்போது ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "இதை எங்க தாத்தா யார் உதவியும் இல்லாமல் தனியாகப் பயன்படுத்த முடியுமா?" 'உதவியோடு முடியும்' என்றால் அது முடியாது என்றுதான் அர்த்தம். அந்த உதவிக்கு ஒரு விலை உண்டு. எங்க வீட்டில் அது இருநூறு ரூபாய்.

அந்த இருநூறைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். தாத்தா வாங்கி, முக்கோணம் இருக்கிறதா வட்டம் இருக்கிறதா என்று ரொம்ப நேரம் தடவிப் பார்த்தார். இரண்டு நூறா, ஒரே இருநூறா, வேறு எதுவுமா என்று நான் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை. அப்படியே மடித்து மடியில் வைத்துக்கொண்டார்.

உங்கள் வீட்டில் யாருடைய பின் நம்பராவது உங்களுக்குத் தெரியுமா? ஏன் தெரியும் என்று ஒரு நிமிடம் யோசித்துப் பாருங்கள். மீண்டும் சந்திப்போம்.