கடிதமின்றி வந்த வேலையிழப்பு

பிறநாட்டுச் சரக்கு வந்து குவிந்ததனால் வேலையிழந்த தொழிலாளருக்கு அரசாங்கம் யாது செய்தல் வேண்டும் என்ற வினா, தொழிற் பரிபாலனத்திலும் கிராமியக் கைத்தொழிலிலும் கடமையாற்றும் நம் வாசகர்களுக்குப் புதிதன்று. ஆயினும் அவ்வினா எழும்போதெல்லாம் நம் மனக்கண்ணில் தோன்றுவது, பூட்டப்பட்ட ஆலையும் கையிற் கடிதத்தோடு வாயிலில் நிற்கும் கூட்டமுமே ஆகும். கல்முனைக்கு வடக்கே, பாண்டிருப்பை அடுத்துள்ள மருதமுனையில், முதலாளி கொடுத்த நூலுக்கு உருப்படிக் கூலி பெற்றுச் சாரம் நெய்துவந்த ஒருவரின் வீட்டிலே, இந்த மாதம் பாவு வரவில்லை, அடுத்த மாதமும் வரவில்லை என்றவாறு சிறிது சிறிதாக ஓய்ந்துபோன தறி நம் நினைவுக்கு வருவதில்லை.

அந்நியச் செலாவணித் தட்டுப்பாட்டை முன்னிட்டு, 1970ஆம் ஆண்டின் பின் துணி இறக்குமதி இறுகக் கட்டுப்படுத்தப்பட்டிருந்த காலத்தில், மருதமுனைச் சாரத்துக்கும் சேலைக்கும் நல்ல கிராக்கி இருந்தது. அதனைப் பொற்காலமென்று போற்றுவோர், நூலுக்காகக் காத்துக்கிடந்த நாட்களை வசதியாக மறந்துவிடுகிறார்கள் என்பது எம் அபிப்பிராயம். எனினும் தறிக்கு வேலை இருந்ததென்பதில் சந்தேகமில்லை. 1977 நவம்பரில் ஜே. ஆர். ஜயவர்தனவின் அரசாங்கம் சந்தையைத் திறந்துவிட, விசைத்தறியில் நெய்த மலிவான துணி வந்திறங்கிற்று. இருபது ஆண்டு கழித்து, 1997 நவம்பர் வரவு செலவுத் திட்டம், ஆடை ஏற்றுமதியின் நன்மையை உத்தேசித்து, துணிமீதான இறக்குமதித் தீர்வையையே அகற்றிற்று. தைக்கும் தொழிற்சாலைக்கு அநுகூலமான அதே முடிவு நெய்யும் வீட்டுக்குப் பிரதிகூலமாயிற்று. நெய்தவர்களின் பிள்ளைகள் பலர் வளைகுடா நாடுகளுக்கு விமானம் ஏறினர்.

இவர்களுக்கு நம் சட்டம் தரும் பாதுகாப்பு யாது? 1971ஆம் ஆண்டின் 45ஆம் இலக்க வேலையாட்களின் தொழில் முடிவுறுத்தற் சட்டம், பதினைந்து பேருக்குக் குறைவான தொழிலாளரை வைத்திருக்கும் முதலாளியைத் தொடுவதில்லை. உருப்படிக் கூலிக்கு வீட்டில் நெய்பவருக்கோ, முதலாளி எனச் சட்டம் ஏற்கும் ஒருவர் உளரா என்பதே விவாதத்துக்குரியது. வேலையில்லாக் காலத்துக்கான காப்புறுதி நம் நாட்டில் இல்லை. 1995ஆம் ஆண்டின் சமுர்த்தியும் 2023ஆம் ஆண்டின் அஸ்வெசுமவும் வறுமையை அளக்கின்றனவேயன்றி வேலையிழப்பை அளப்பதில்லை. கல்வீடும் மின்னிணைப்பும் உள்ள நெசவாளர், தறி நின்ற பின்பும் சில காலம் அவ்வளவுகோலுக்கு வசதியுள்ளவராகவே தோன்றுவார்.

பிறநாடுகளின் ஏற்பாடுகளும் இக்குறையினின்று முற்றாக நீங்கியவை அல்ல. அமெரிக்காவில் 1962ஆம் ஆண்டு வர்த்தகச் சட்டத்தால் ஏற்பட்ட உதவித் திட்டம், மூன்று தொழிலாளர் கூடி மனுச் செய்தாலே இறக்குமதிதான் காரணமா என்று தொழில் திணைக்களம் விசாரித்து, பயிற்சியும் இடைக்கால வருமானமும் வழங்க வழி செய்தது. பின்னர் அதன் அதிகாரம் நீடிக்கப்படாமையால், 2022 ஜூலை முதல் புதிய மனுக்கள் ஏற்கப்படவில்லை. ஐரோப்பிய ஒன்றியம் 2007இல் தொடக்கிய நிதியம், ஆயிரம் பேர் வேலையிழந்தாலன்றி அசையாதிருந்து, படிப்படியாக 2021இல் அவ்வெல்லையை இருநூறாகக் குறைத்தது. மூன்று பேரின் மனு என்ற ஏற்பாடே நமக்குப் பிரயோசனமானது.

2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை மருதமுனையின் தறிகளையும் வாரிச் சென்றபோது உதவிகள் வந்தன. அந்த நஷ்டத்துக்கு ஒரு தேதி இருந்தது, பட்டியல் இருந்தது, எழுதிக்கொள்ள உத்தியோகத்தர் இருந்தனர். சந்தையால் நின்ற தறிகளுக்கு இம்மூன்றும் இல்லை. அவற்றின் பெயரால் அவ்வப்போது நடத்தப்படுவது பயிற்சி வகுப்பு. மூன்று தலைமுறையாக நெய்பவருக்கு நெசவு கற்பிக்கும் விந்தையை என்னென்பது!

இறக்குமதியைத் தடுத்துவிட்டால் போதும் என்போருடன் நாம் உடன்படுவதற்கில்லை. தறியில் ஏறும் நூலும் சாயமும் கடல் கடந்தே வருகின்றன. 2022இல் ரூபாயின் மதிப்பு வீழ்ந்தபோது சாரத்தின் விலைக்கு முன்னே நூலின் விலை ஏறிவிட்டதைக் கண்டோம். அரசாங்கம் தானே வாங்குவோனாக நிற்பது மேலான பரிகாரம். தமிழ்நாட்டில் 1983இல் தொடங்கிய இலவச வேட்டி சேலைத் திட்டம், ஏழைக்கு உடையையும் நெசவாளருக்கு வேலையையும் ஒருசேர அளித்துவருகிறது. நாமோ 2025ஆம் ஆண்டின் இலவசப் பாடசாலைச் சீருடைத் துணி முழுவதையும் சீனாவின் நன்கொடையாகப் பெற்றோம். அத்துணை துணியைக் கைத்தறி நெய்து தீர்க்காது என்பது மெய்யே. ஆயினும் ஆஸ்பத்திரி விரிப்புகளையும் அரசாங்க விடுதிகளின் திரைச்சீலைகளையும் துவாய்களையும் நெய்ய மருதமுனையால் இயலாதென்று எவரும் சொல்லார்.

எதற்கும் முதற்கண் வேண்டுவது பதிவு. பிரதேச செயலகங்களிலும் தொழில் அலுவலகங்களிலும் உள்ள நம் வாசகர்கள், சட்டத் திருத்தத்துக்குக் காத்திராமல், தம் பிரிவில் ஓய்ந்த தறி ஒவ்வொன்றையும், அது ஓய்ந்த ஆண்டையும், அதைச் சார்ந்திருந்த பாவோடுவோர், தார் சுற்றுவோர், சாயமிடுவோர் ஆகியோரையும், குறிப்பாகப் பெண்களை விட்டுவிடாமல், எழுதத் தொடங்குமாறு வேண்டுகிறோம். இதற்குச் சுற்றுநிருபம் எதுவும் அவசியமில்லை. கிராம உத்தியோகத்தரின் துணையும் ஒரு பதிவேடும் போதும்.