தரிசு நிலமும் உரிமையும்

உரிமையாளரற்ற பாழ்நிலத்தைப் பண்படுத்தியவருக்கே அது உரியது என்பது நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் தீர்ப்பு. ஆனால் உரிமையாளர் அறியப்பட்ட நிலம் எத்தனை ஆண்டு பாழ்பட்டாலும் ‘மவாத்’ ஆகாது என்கிறது ஷாஃபிஈ மத்ஹபு. வைகை வறண்டு விளாங்குடி வயல் தரிசாகக் கிடந்தால், பட்டாதாரர் உரிமை இழந்தாரென்று எவரேனும் சொல்வாரா?

மேற்குக் கரையில் சொல்கின்றனர். மூன்றாண்டு பயிரிடப்படாத நிலம் அரசைச் சேரும் என்னும் 1858ஆம் ஆண்டின் உஸ்மானிய நிலச் சட்டத்தைக் காட்டி, இஸ்ரேல் பலஸ்தீனரின் நிலங்களை ‘அரசு நிலம்’ என அறிவித்துக் குடியேற்றங்களுக்கு வழங்கியது. குன்றுகளின் மேல் அனுமதியின்றி முகாமிடும் குடியேறிகளோ, உழவரைத் தம் ஒலிவத் தோட்டத்தை அணுகவும் விடுவதில்லை. விரட்டிவிட்டுப் ‘பயிரிடவில்லை’ என்பது என்ன நியாயம்? இந்த ஆக்கிரமிப்பு சட்டவிரோதமானது என்று சர்வதேச நீதிமன்றம் 2024 ஜூலையில் கருத்துரைத்தது.

பலஸ்தீனத்துக்காகக் கண் கலங்கும் நாம், கடலுக்கு அப்பாலுள்ள மன்னாரை எண்ணுவதில்லை. அங்கே குடியேறிகள் இல்லை. வாதம் மட்டும் ஒன்றே. 1990 அக்டோபரில் விடுதலைப் புலிகள் வட இலங்கை முஸ்லிம்களை வெளியேற்றினர். 2009இல் போர் முடிந்து மறிச்சுக்கட்டிக்கும் கரடிக்குளிக்கும் மக்கள் திரும்பியபோது, மனைகளில் காடு மண்டியிருந்தது. 2012இல் அரசிதழ் அப்பகுதியைக் காப்புக்காடு என அறிவித்தது. தங்கள் ஊர் நிலமும் அதற்குள் அகப்பட்டதென மக்கள் முறையிட்டனர். வில்பத்து வனம் அழியக் கூடாதென்போரின் கவலை பொய்யன்று. எனினும் அக்காடு வளர்ந்தது உடையவர் துரத்தப்பட்ட ஆண்டுகளில் அன்றோ! 2017இல் மாவில்லு வனப் பாதுகாப்பு அறிவிப்பும் வந்தது. வெளியேற்றப்பட்டோரில் ஒரு பகுதியினர் இன்றும் புத்தளத்தில்தான் வாழ்கின்றனர்.