ஐந்து நாள் பையின் எடை



ஹஜ்ஜுக்குப் புறப்படும் வீடுகளில் பயணத்துக்கு முந்தைய வாரம் எங்கிருந்தாவது ஒரு தராசு வந்து சேர்ந்துவிடும். பெரிய பெட்டிகளை அதில் தொங்கவிட்டுப் பார்ப்பார்கள். வரம்புக்கு மேல் அரைக் கிலோ கூடினாலும் எதையாவது எடுத்து வெளியே வைப்பார்கள். விமான நிறுவனத்தின் மீதுள்ள அச்சம் அப்படி! ஆனால் அந்தப் பெட்டிகளை ஹாஜிகள் சுமக்கும் நேரம் மிகச் சொற்பம். அவற்றை வண்டிகள் சுமக்கின்றன; பிறகு அவை மக்காவின் தங்குமிடத்தில் கிடக்கின்றன. துல்ஹஜ் 8-ஆம் நாள் மினாவுக்குக் கிளம்பும்போது தோளில் ஏறுகிறதே ஒரு பை, அதை நிறுத்துப் பார்ப்பவர் அரிது. இம்மாதம் அந்தப் பையைக் குறித்தே உங்களோடு பேச விரும்புகிறேன்.

மினாவின் கூடாரம், மறுநாள் அரஃபா, அன்றிரவு முஸ்தலிஃபாவில் திறந்த வானத்தின் கீழ் தங்கல், மீண்டும் மினா, ஜம்ராக்களில் கல்லெறிதல் என்று ஐந்தாறு நாட்கள் அந்தப் பைதான் ஹாஜியின் வீடு. இவ்விடங்களுக்கிடையே பேருந்துகள் உண்டு. 2010 முதல் ரயிலும் ஓடுகிறது. ஆயினும் கூடாரத்திலிருந்து வண்டிக்கும், வண்டியிலிருந்து கூடாரத்துக்கும் ஜனத்திரளில் நடப்பதைத் தவிர்க்க இயலாது. 2024-ஆம் ஆண்டு ஹஜ்ஜின்போது மக்காவில் வெப்பம் 51.8 டிகிரி செல்சியஸைத் தொட்டது. 1,301 பேர் உயிரிழந்ததாகச் சவூதி அரசு அறிவித்தது. அவர்களுள் நூற்றுக்கு 83 பேர் அனுமதியின்றி வந்து, நிழலும் தங்குமிடமும் இல்லாமல் வெயிலில் நெடுந்தூரம் நடந்தவர்கள். அம்மரணங்களுக்குப் பையின் பாரமே காரணம் என்று நான் கூறவரவில்லை. அத்தகைய வெயிலில் அறுபது வயதைக் கடந்தவர் தோளில் ஒவ்வொரு கிலோவுக்கும் ஒரு விலை உண்டு என்பதே என் கருத்து.

கணியம்பாடியில் ஹஜ்ஜுக்குப் புறப்பட்ட ஒரு முதிய தம்பதி, ஹஜ் விளக்க வகுப்பு முடிந்ததும் தம் பையைக் காட்டி யோசனை கேட்டார்கள். மளிகைக் கடை எலெக்ட்ரானிக் தராசை இரவல் வாங்கி, பாயை விரித்து, ஒவ்வொன்றாக நிறுத்து நோட்டுப் புத்தகத்தில் எழுதினோம். வெறும் பை மட்டும் 2 கிலோ 300 கிராம்! நம் பகுதி தோலுக்குப் பெயர் பெற்றது. தோல் பை என்றால் நமக்கு ஒரு பெருமிதம். அது தலைமுறைக்கு உழைக்கும், மறுப்பதற்கில்லை. ஆனால் காலியாக இருக்கும்போதே கனக்கும். கண்ணாடிச் சாடியில் மாங்காய் ஊறுகாய் 900 கிராம்; அதில் சாடியின் பங்கு 400. தகர டப்பாவில் முறுக்கும் அதிரசமும் ஒன்றரைக் கிலோ. மாற்று இஹ்ராமாகத் தடித்த துவாலைத் துணி 1 கிலோ 400 கிராம். கெட்டி அட்டை போட்ட துஆ நூல் 650 கிராம். படுக்கை விரிப்புகள், உடைகள், சோப்பு, பற்பசை, மருந்துகள், இரண்டு லிட்டர் தண்ணீர் எல்லாம் சேர்த்து மொத்தம் 11 கிலோ 850 கிராம். சுமக்க வேண்டியவரோ முழங்கால் வலிக்காரர்.

எடுத்து வைக்கத் தொடங்கியபோதுதான் சங்கடம் புரிந்தது. அந்தப் பையில் இருந்தவை பொருள்கள் மட்டுமல்ல. ஊறுகாய் மகள் போட்டது. அதிரசம் சம்பந்தி வீட்டார் கொடுத்தது. தோல் பை, ராணிப்பேட்டையில் வேலை பார்க்கும் மகன் தன் சம்பளத்தில் வாங்கியது. "பையை வேண்டாமென்றால் பிள்ளை மனசு வாடிப்போகுமே ஹஜ்ரத்!" என்றார் அந்த அம்மையார். பெரியவர் வாய் திறக்கவில்லை. தோல் பை விமானத்தில் வரட்டும், மக்கா அறையில் இருக்கட்டும், மினாவுக்கு மட்டும் நைலான் முதுகுப்பை என்று முடிவாயிற்று. அந்த மகனே கடைத்தெருவுக்குச் சென்று 600 கிராமில் ஒன்றை வாங்கி வந்தார். ஊறுகாய் சிறு பிளாஸ்டிக் டப்பாவுக்கு மாறியது. துஆ நூலுக்குப் பதில் சட்டைப்பையில் அடங்கும் கையேடு, விரிப்புகளுக்குப் பதில் ஒரு பிளாஸ்டிக் பாய், தடித்த துணிக்குப் பதில் மெல்லிய பருத்தி இஹ்ராம். மீண்டும் நிறுத்தபோது ஐந்தரைக் கிலோ.

மருந்திலும் தண்ணீரிலும் நாங்கள் கை வைக்கவில்லை. சர்க்கரை நோயாளி என்பதால் தின்பண்டத்தில் 400 கிராமையும் விட்டுவைத்தோம். எடை குறைக்கும் ஆர்வத்தில் மாத்திரைப் பட்டையைப் பாதியாக வெட்டுபவர்களும் உண்டு. அது அறிவுடைமை ஆகாது.

மேலைநாடுகளில் மலைப்பாதைகளில் மாதக்கணக்கில் நடப்பவர்கள் இதை ஒரு கலையாகவே வளர்த்திருக்கிறார்கள். உணவும் நீரும் அன்றாடம் தீர்ந்து நிரம்புவன என்பதால் அவற்றை ஒதுக்கிவிட்டு, மற்றப் பொருள்களின் எடையைத் தனியே கணக்கிடுவார்கள். அது நாலரைக் கிலோவுக்குள் அடங்கினால் தேர்ந்த நடையர் என்று பெயர். பல் துலக்கும் பிரஷ்ஷின் காம்பை ஒடித்துக்கொள்பவர்களும் அவர்களில் உண்டு! 1955-இல் எம்மா கேட்வுட் என்ற அமெரிக்கப் பாட்டி, பதினொரு பிள்ளைகளைப் பெற்ற தாய், தம் 67-ஆம் வயதில் சுமார் 3,300 கிலோமீட்டர் நீளமுள்ள அப்பலாச்சியன் மலைப்பாதையைத் தனியாக நடந்து முடித்தார். தோளில் இருந்தது தாமே தைத்த ஒரு துணிப்பை. காலில் சாதாரண கான்வாஸ் காலணி.

"அல்லாஹ் பார்த்துக்கொள்வான், எடை பார்ப்பதெல்லாம் எதற்கு?" என்று கேட்கும் சகோதரர்களும் நம்மிடையே உண்டு. யமன் நாட்டவர் சிலர் கட்டுச்சோறு இன்றி ஹஜ்ஜுக்கு வந்து, "நாங்கள் தவக்குல் வைத்தவர்கள்" என்று சொல்லிவிட்டு, மக்காவில் பிறரிடம் கையேந்தினார்கள். அச்சமயத்தில்தான் பயண உணவு எடுத்துச் செல்லுமாறு பணிக்கும் திருமறையின் 2:197 வசனம் அருளப்பட்டது என்று இப்னு அப்பாஸ் (ரலி) அறிவிப்பது புகாரீயில் பதிவாகியுள்ளது. அதே வசனம் சிறந்த சாதனம் இறையச்சமே என்றும் அறிவிக்கிறது. தயாரிப்பும் தவக்குலும் ஒரே வசனத்தில் அடுத்தடுத்து நிற்கின்றன. நபி (ஸல்) அவர்கள் ஹஜ் செய்தபோது, அவர்கள் ஏறிவந்த ஒட்டகமே அவர்களின் சாமான்களையும் சுமந்து வந்தது என்று அனஸ் (ரலி) அறிவிக்கிறார்கள். பயணச் சாமானுக்கென்று தனி ஒட்டகம் இல்லை. அரபு நாடு முழுவதும் வசப்பட்டிருந்த நாளில் அவர்களின் சுமை அவ்வளவே!

ஹஜ்ஜுக்குச் செல்வோர் வீட்டில் இருந்தால், புறப்பாட்டுக்கு ஒரு மாதம் முன்பே அந்தப் பையைத் தயாரித்துவிடுங்கள். அதைத் தோளில் மாட்டி, இஹ்ராமில் அணியப்போகும் அதே செருப்போடு, ஃபஜ்ருத் தொழுகைக்குப் பின் ஒரு மணி நேரம் நடக்கட்டும். செருப்பு எங்கே கடிக்கிறது, பையின் வார் எங்கே அறுக்கிறது என்பது ஊரிலேயே தெரிந்துவிடும். கணவரின் பையில் மனைவியின் மருந்தும், மனைவியின் பையில் கணவரின் மருந்தும் ஒரு நாளுக்காவது இருக்கட்டும். கூட்டத்தில் பிரிந்து போவது அங்கே சாதாரணம்.

பையில் ஒரு சிறு சுருக்குப் பைக்கு மட்டும் இடம் விடுங்கள். முஸ்தலிஃபாவில் பொறுக்கும் கற்களுக்கு அது வேண்டும். 12-ஆம் நாளோடு திரும்புபவருக்கு 49, 13-ஆம் நாளும் தங்குபவருக்கு 70. கொண்டைக்கடலை அளவே போதும். பெரிய கல்லாகப் பார்த்துப் பொறுக்க வேண்டியதில்லை.